ஒரு கோடு, இரு விலகல்கள்: அயர்லாந்து எல்லையின் வரலாறு

ஒரு நாடு, தான் சேர்ந்திருக்கும் அரசியல் கூட்டை விட்டு விலக எண்ணினால், அவ்வெண்ணத்தைத் தீர்மானமாக எழுத ஒரு தாள் போதும். மக்களைக் கேட்டறிய ஒரு நாள் போதும். ஆயின் விலகும் நாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்னும் வினாவிற்கு இருவேறு விடைகள் இருக்குமாயின், அவ்விலகல் தலைமுறைகளைக் கடந்தும் முற்றுப்பெறுவதில்லை. அயர்லாந்துத் தீவின் குறுக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளத்திற்கு ஓடும் எல்லைக்கோடு இதற்குத் தக்க சான்றாகும். 1922இல் அயர்லாந்து பிரிட்டனை விட்டு விலகியபோது அக்கோடு இடைமறித்தது. 2016க்குப் பின் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக முற்பட்டபோதும் அதே கோடு இடைமறித்தது. முதல் விலகலில் தீர்க்காமல் விட்ட சிக்கலே இரண்டாம் விலகலைப் பற்றிக்கொண்டது என்பதை இக்கட்டுரை காட்ட முனைகிறது. கவிஞர் கூடும் மன்றத்தின் மலரில் இதனை எழுதக் காரணமும் உண்டு. அந்நாட்டின் கவிஞரும் மொழியறிஞரும் இவ்வரலாற்றின் உள்ளே நின்றவர்கள்.

இணைப்பும் பிணக்கும்

பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்தின் வடபகுதியாகிய அல்ஸ்டர் மாகாணத்தில் ஸ்காத்லாந்திலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் புராட்டஸ்டண்டு மக்கள் குடியேற்றப்பட்டனர். அம்மண்ணின் பழங்குடிகளாகிய கத்தோலிக்கர் நிலமிழந்தனர். கருவாலிச் சோலை எனப் பொருள்படும் 'டாயிரெ' என்னும் ஐரியச் சொல்லிலிருந்து வந்த டெரி என்ற ஊர்ப்பெயரின் முன் 1613இல் லண்டன் என்னும் அடை சேர்க்கப்பட்டது. இன்றளவும் அவ்வூரை ஒருவர் டெரி என்கிறாரா, லண்டன்டெரி என்கிறாரா என்பதைக் கொண்டே அவர் எப்பக்கத்தவர் என்று கேட்போர் கணித்துவிடுவர். எல்லைக்கோடு நிலத்தில் விழுமுன்பே நாவில் விழுந்துவிட்டது எனலாம்.

1801 சனவரி முதல் நாள் அயர்லாந்து பிரிட்டனுடன் ஒரே நாடாக இணைக்கப்பட்டது. தன்னாட்சி வேண்டி 1886, 1893, 1912 ஆகிய ஆண்டுகளில் மூன்று மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. மூன்றாவது மசோதாவை எதிர்த்து 1912 செப்டம்பர் 28 அன்று அல்ஸ்டரில் ஆடவரும் மகளிருமாக நான்கரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். பிரிட்டனை விட்டு விலக நாட்டின் பெரும்பகுதி விழைந்தது. விலகுவோரிடமிருந்தே விலகி நிற்க வடகிழக்கு விழைந்தது.

1916 ஏப்ரல் 24 அன்று டப்ளினில் எழுச்சி வெடித்தது. குடியரசுப் பிரகடனத்தில் கையொப்பமிட்ட எழுவருள் பாட்ரிக் பியர்ஸ், தாமஸ் மக்டோனா, ஜோசப் பிளங்கட் ஆகிய மூவரும் கவிஞர்கள். எழுவரையும் பிரிட்டிஷ் அரசு மே மாதத்தில் சுட்டுக் கொன்றது. அதன்பின் மக்கள் மனம் மாறியது. 1918 தேர்தலில் 105 இடங்களுள் 73ஐ விடுதலை வேண்டிய சின் ஃபெயின் கட்சி வென்றது.

ஆறா, ஒன்பதா?

பிரிட்டன் 1920இல் இயற்றிய சட்டம் அயர்லாந்தை இரண்டாகப் பகுத்தது. இங்கு ஒரு கணக்கு நோக்கத்தக்கது. அல்ஸ்டர் மாகாணம் ஒன்பது மாவட்டங்களைக் கொண்டது. ஒன்பதையும் சேர்த்தால் புராட்டஸ்டண்டுகளின் பெரும்பான்மை மிக மெல்லியதாக இருக்கும். ஆகவே டானிகல், கேவன், மோனகன் ஆகிய மூன்றையும் தெற்கிற்கு விட்டு, ஆறு மாவட்டங்களை மட்டும் வட அயர்லாந்து என்றனர். அப்போது ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு மக்கள் புராட்டஸ்டண்டுகளாயினர். ஆயினும் அவ்வாறனுள் ஃபெர்மனா, டைரோன் ஆகிய இரண்டிலும் கத்தோலிக்கரே பெரும்பான்மையர். பெரும்பான்மையைக் காக்க வரைந்த கோடு, தன்னுள்ளேயே ஒரு பெரிய சிறுபான்மையை அடைத்துக்கொண்டது.

கோடு சென்ற வழியும் விந்தையானது. பழைய மாவட்ட எல்லைகளே நாட்டெல்லை ஆயின. வரி தண்டவும் வழக்கு விசாரிக்கவும் ஏற்பட்ட எல்லைகள் அவை; நாடுகளைப் பிரிக்க ஏற்பட்டவை ஆகா. பெட்டிகோ என்னும் சிற்றூர் இரு நாடுகளுக்கும் பங்காயிற்று. குளோன்ஸ் நகரிலிருந்து கேவன் செல்லும் சாலை ஒரே பயணத்தில் பன்முறை எல்லையைத் தாண்டியது. தீவின் வடகோடி முனையாகிய மாலின் முனை, டானிகலில் இருப்பதால், 'தெற்கு' எனப்படும் நாட்டைச் சேர்ந்தது!

மொழியறிஞர் ஏற்ற ஆணையம்

1921 டிசம்பர் 6 அன்று கையெழுத்தான ஆங்கில-ஐரிய உடன்படிக்கை தெற்கிற்குத் தனி அரசைத் தந்தது. வட அயர்லாந்து அதனினின்று ஒதுங்கிக்கொள்ளலாம். ஒதுங்கின் எல்லையை மறுவரையறை செய்ய ஆணையம் ஒன்று அமையும் என்றது அதன் பன்னிரண்டாம் பிரிவு. குடிமக்களின் விருப்பத்திற்கு இணங்க, பொருளாதார, புவியியல் நிலைமைகளுக்குப் பொருந்தும் அளவில் எல்லை அமைய வேண்டும் என்பது அதன் வாசகத்தின் சாரம்.

இலக்கணம் பயின்றோர் இத்தொடரை உற்று நோக்க வேண்டும். 'விருப்பத்திற்கு இணங்க' என்பதைப் படித்த தெற்கின் தலைவர்கள், ஃபெர்மனாவும் டைரோனும் தம்மிடம் வரும், எஞ்சிய வடக்கு நிலைக்காது என நம்பினர். 'பொருந்தும் அளவில்' என்பதைப் படித்த வடக்கின் ஆதரவாளர்கள், கோடு சிறிதே நெளியும் என நம்பினர். இதனை இரட்டுறமொழிதல் என்று நாம் கூறலாம். செய்யுளில் இரு பொருளும் ஒருங்கே நிற்றல் அழகு. அவ்வுடன்படிக்கையிலோ, ஒவ்வொரு தரப்பும் தனக்குரிய பொருளை மட்டும் கண்டு கையொப்பமிட்டது.

டப்ளின் மன்றம் 64க்கு 57 என்னும் வாக்கில் உடன்படிக்கையை ஏற்றது. 1922 சூன் முதல் 1923 மே வரை உள்நாட்டுப் போர் நிகழ்ந்தது. அப்போரும் எல்லையைவிட முடியரசுக்குரிய விசுவாச உறுதிமொழியைப் பற்றியே பெரிதும் மூண்டது. எல்லையை ஆணையம் தீர்க்கும் என இரு சாராரும் ஒத்திவைத்தனர். அந்த ஒத்திவைப்பே பிழையாயிற்று.

ஆணையம் 1924 நவம்பரில்தான் கூடியது. வடக்கு தன் பிரதிநிதியை அனுப்ப மறுத்ததால், சட்டமியற்றி பிரிட்டிஷ் அரசே ஜே. ஆர். ஃபிஷரை அமர்த்தியது. தலைவர், தென்னாப்பிரிக்க நீதிபதி ரிச்சர்ட் ஃபீதம். தெற்கின் சார்பில் அமர்ந்தவர் ஓவன் மக்னீல். இவர் பண்டை ஐரிய வரலாற்றிலும் மொழியிலும் பெரும்புலமை பெற்றவர். 1893இல் ஐரிய மொழியை மீட்கத் தோன்றிய கேலிக் சங்கத்தின் நிறுவனருள் ஒருவர். பிறந்ததோ வடக்கின் ஆன்ட்ரிம் மாவட்டம். உள்நாட்டுப் போரில் அவர் அமைச்சராக இருந்த அரசை எதிர்த்துப் போரிட்ட அவருடைய மகன் பிரையன் 1922 செப்டம்பரில் கொல்லப்பட்டார். இத்தகைய துயரத்தைச் சுமந்தவர் நாட்டின் எல்லையை அளக்கும் மேசையில் அமர்ந்தார்.

ஃபீதம் 'பொருந்தும் அளவில்' என்னும் சொற்களுக்கே முதன்மை தந்தார். வட்டாரந்தோறும் வாக்கெடுப்பு நடத்தப்படவில்லை. தென் அர்மாவின் சில பகுதிகள் தெற்கிற்கும், கிழக்கு டானிகலின் சில பகுதிகள் வடக்கிற்கும் மாறும் என்னும் செய்தி 1925 நவம்பர் 7 அன்று 'மார்னிங் போஸ்ட்' இதழில் கசிந்தது. பெற வந்த இடத்தில் இழக்கவும் நேரும் என்றறிந்த தெற்கு கொதித்தது. மக்னீல் பதவி விலகினார். டிசம்பர் 3 அன்று மூன்று அரசுகளும் கூடி, இருந்த கோடே இருக்கட்டும் என முடித்தன. அதற்கு ஈடாகத் தெற்கு செலுத்த வேண்டியிருந்த பிரிட்டிஷ் பொதுக்கடனின் பங்கு விடுவிக்கப்பட்டது. ஆணையத்தின் அறிக்கை 1969 வரை வெளியிடப்படவே இல்லை.

கோட்டருகே வாழ்ந்தோர்

1923 ஏப்ரல் முதல் நாளிலேயே சுங்கச் சாவடிகள் எழுந்துவிட்டன. சந்தைக்கு மாடு ஓட்டிச் சென்றவர் கடத்தல்காரர் ஆனார். டெரி நகரம் தன் பின்னிலமாகிய டானிகலை இழந்தது. 1960களின் இறுதியில் வடக்கில் வன்முறை மூண்டபின், சிறு சாலைகள் பலவற்றைப் பிரிட்டிஷ் படையினர் வெடிவைத்துப் பெயர்த்தனர்; காவற்கோபுரங்கள் எழுந்தன. 1998 வரையிலான முப்பது ஆண்டுகளில் 3,500க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இக்காலக் கவிஞர்கள் எல்லையைத் தொலைவிலிருந்து பாடியவர் அல்லர். மோனகன் எல்லைப்புறத்தில் 1904இல் பிறந்த பாட்ரிக் கவனா, இரு உழவர்களின் வரப்புச் சண்டையைக் காவியப் பொருளாக்கினார். பிரையன் ஃபிரீலின் 'மொழிபெயர்ப்புகள்' நாடகம் 1980இல் டெரி நகரில் அரங்கேறியது; நில அளவையாளர் ஐரிய ஊர்ப்பெயர்களை ஆங்கிலமாக்கும் கதை அது. அதே ஆண்டில் வெளிவந்த பால் மல்டூனின் தொகுப்பில் 'எல்லை ஆணையம்' என்றே ஒரு கவிதை உண்டு. வடக்கில் 1939இல் பிறந்த ஷேமஸ் ஹீனி 1972இல் தெற்கிற்குக் குடிபெயர்ந்தார். சோதனைச் சாவடியில் நிறுத்தப்படும் அனுபவத்தை எழுதும் செயலோடு இணைத்துக் கவிதை செய்தார். பிரிட்டிஷ் கவிதைத் தொகுப்பொன்றில் தம்மைச் சேர்த்தமைக்கு 1983இல் செய்யுள் மடல் வழியே மறுப்புரைத்தார். 1995இல் நோபல் பரிசு பெற்றவரும் இவரே.

எல்லை மென்மையானதற்கு மூன்று காரணங்கள் உண்டு. இரு நாடுகளும் 1973இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்ந்தன. 1993இல் ஒற்றைச் சந்தை வந்ததும் சுங்கச் சோதனைகள் ஒழிந்தன. 1998 ஏப்ரல் 10 அன்று பெரிய வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. வடக்கில் பிறந்தோர் தம்மை ஐரியர் என்றோ, பிரிட்டிஷார் என்றோ, இரண்டுமென்றோ கொள்ளலாம். பெரும்பான்மையர் விரும்பினால் அன்றி வடக்கின் நிலை மாறாது என்பன அதன் உயிர்க்கூறுகள். வடக்கில் 71 விழுக்காட்டினரும் தெற்கில் 94 விழுக்காட்டினரும் அதனை ஏற்று வாக்களித்தனர்.

இதுவும் இரட்டுறமொழிதலே. ஆயின் 1921இன் வாசகத்தில் இரு பொருளும் ஒருவருக்கொருவர் மறைந்திருந்தன. 1998இல் இரு பொருளும் வெளிப்படையாக அருகருகே நின்றன. மக்கள் இரண்டையும் அறிந்தே ஒப்புக்கொண்டனர். கோடு அழியவில்லை, அதன் சுமை இறங்கியது.

இரண்டாம் விலகல்

2016 சூன் 23 அன்று ஐக்கிய இராச்சிய வாக்காளருள் 51.9 விழுக்காட்டினர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக வாக்களித்தனர். வட அயர்லாந்தில் 55.8 விழுக்காட்டினர் நீடிக்கவே வாக்களித்தனர். மறைந்திருந்த கோடு ஒரே இரவில் மீண்டும் தலைதூக்கியது. ஒன்றியத்திற்கும் பிரிட்டனுக்கும் இடையே உள்ள நில எல்லைகளுள் தலையாயது அதுவே. சுங்கமும் தர விதிகளும் இருபுறமும் வேறுபட்டால் பொருள்களை எங்கேனும் ஓரிடத்தில் சோதிக்க வேண்டும். வடக்கின் பண்ணையில் கறந்த பால் தெற்கின் ஆலைக்குச் சென்று பதப்படும் நாட்டில் அச்சோதனை எங்கே நிகழும்?

பிரிட்டிஷ் அரசு மூன்றை விரும்பியது. ஒன்று, ஒற்றைச் சந்தையையும் சுங்கக் கூட்டையும் விட்டு முழுமையாக விலகல். இரண்டு, அயர்லாந்துத் தீவினுள் சோதனைச் சாவடி எழாமை. மூன்று, வட அயர்லாந்துக்கும் பிரிட்டனின் பிற பகுதிகளுக்கும் இடையே தடை இராமை. இம்மூன்றுள் எவ்விரண்டையும் பெறலாம். மூன்றையும் ஒருங்கே பெறுதல் அரிது. முதலிரண்டைக் கொண்டால் எல்லை கடலுக்குச் செல்லும். முதலும் மூன்றும் கொண்டால் சாவடி நிலத்தில் எழும். இரண்டும் மூன்றும் கொண்டால் விலகலே அரைகுறையாகும்.

தெரசா மே முன்வைத்த ஒப்பந்தம், வேறு தீர்வு கிட்டும்வரை நாடு முழுவதையும் ஒன்றியத்தின் சுங்க வரம்பினுள் நிறுத்தும் ஏற்பாட்டைக் கொண்டிருந்தது. 2019 சனவரி 15 அன்று நாடாளுமன்றம் அதனை 432க்கு 202 எனத் தோற்கடித்தது. மார்ச்சில் மேலும் இருமுறை தோற்கடித்தது. அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த போரிஸ் ஜான்சன் 2019 அக்டோபரில் சோதனையைக் கடல்வழிக்கு மாற்றி உடன்பாடு கண்டார். 2020 சனவரி 31 அன்று பிரிட்டன் விலகியது. இப்போது புண்பட்டவர் பிரிட்டனோடு ஒன்றியிருக்க விழைந்த வடக்கின் புராட்டஸ்டண்டுகள். அவர்களின் பெருங்கட்சி 2022 பிப்ரவரியில் கூட்டாட்சியிலிருந்து வெளியேறியது. 2023இன் விண்ட்சர் கட்டமைப்பு சோதனைகளைக் குறைத்தது. 2024 பிப்ரவரியில் ஆட்சி மீண்டபோது சின் ஃபெயின் கட்சியின் மிஷெல் ஓ நீல் முதலமைச்சரானார். ஒரு பெரும்பான்மை நிலைத்திருக்கவே வகுத்த ஆறு மாவட்டங்களில், ஒன்றுபட்ட அயர்லாந்தை வேண்டும் ஒருவர் முதன்முறையாக அப்பதவியில் அமர்ந்தார்.

முடிவுரை

இவ்வரலாற்றினின்று இரண்டு உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, விலகும்போது எல்லையை மங்கலாக விட்டு வைத்தல் வட்டியோடு வளரும் கடனாகும். 1921இல் லண்டனில் எழுதிய தெளிவற்ற தொடர் 2019இல் அதே லண்டனில் ஓர் அரசைக் கவிழ்த்தது. இரண்டாவது, கோட்டருகே வாழ்வோரைக் கேளாமல் செய்த தீர்வு தீர்வாகாது. 1925இல் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வமைதி நிலைக்கவில்லை. 1998இல் கேட்டனர், குறைகளோடேனும் அவ்வமைதி நிலைத்துள்ளது. 2016இலும் கேட்டனர், ஆயின் ஒன்றியத்தைப் பற்றிக் கேட்டனரேயன்றி எல்லையைப் பற்றிக் கேட்கவில்லை.

சொல்லாள்வோராகிய நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரே சொல்லில் இரு பொருள் வைப்பது புலமை. இரு சாராரும் அறிந்து ஒப்பும்படி வைத்தால் அதனுள் இரு மக்களும் குடியிருக்கலாம். ஒருவர் அறியாதபடி வைத்தால் அதன் பொருளை அடுத்த தலைமுறை குருதியால் எழுத நேரும். அயர்லாந்தின் எல்லையோரச் சாலைகளில் இன்று சாவடி இல்லை. வேகவரம்புப் பலகை மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாறுவதைக் கொண்டே பயணி நாடு மாறியதை அறிகிறார். அந்த அளவு மெல்லியதாகவே அக்கோடு இருக்கட்டும்.