கடுங்குளிரும் பற்சில்லும்

சிவக்கக் காய்ச்சிய உருக்கைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் அது கடினமாகும் என்பதைக் கொல்லர் மிகப் பழைய காலந்தொட்டே அறிந்திருந்தனர். அதன் காரணத்தை அறிய உலகம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிவரை காத்திருக்க வேண்டியதாயிற்று. செஞ்சூட்டில் இருக்கும் உருக்கினுள்ளே அணுக்கள் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன. சடுதியாகக் குளிரும்போது அவ்வொழுங்கு மாறுகிறது. காபன் அணுக்கள் விலகிச் செல்லப் பொழுதின்றி உள்ளே அகப்பட்டுக்கொள்ள, நெருக்குண்ட வேறோர் அமைப்புப் பிறக்கிறது. மென்மையான முன்னைய அமைப்பு ஒஸ்டெனைட் எனவும், கடினமான பின்னையது மார்ட்டென்சைட் எனவும் பெயர் பெற்றன. ஆங்கில அறிஞர் ரொபர்ட்ஸ் ஒஸ்டின், ஜேர்மானியர் அடொல்ஃப் மார்ட்டென்ஸ் ஆகியோரை நினைவூட்டும் பெயர்கள் இவை.

இம்மாற்றம் எப்போதும் முற்றுப்பெறுவதில்லை என்பதே இவ்வரலாற்றின் முடிச்சு. காபன் மிகுந்த உருக்கில் மாற்றம் முடிவடையும் வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே கிடக்கிறது. எண்ணெயில் தோய்த்து எடுத்த பின்னரும் மென்மையான ஒஸ்டெனைட்டில் ஒரு பங்கு மாறாமல் எஞ்சிவிடும்.

மோட்டார் வண்டியின் பின்னச்சிலுள்ள பற்சில்லை எடுத்துக்கொள்வோம். அதன் உட்பகுதி அதிர்ச்சியைத் தாங்கவேண்டும். பல்லின் மேற்பரப்போ தேயாதிருக்கவேண்டும். ஆகவே காபன் குறைந்த உருக்கிற் பற்களை வெட்டி, ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் சூட்டிற் காபனை மேற்றோலில் ஏற்றிப் பின்னர் தோய்க்கின்றனர். காபன் செறிந்த அத்தோலிலேதான் மாறாத ஒஸ்டெனைட் மிகுதியாக எஞ்சுகிறது. பல்லோடு பல் உராய்வதும் அவ்விடத்திலேயே!

கடுங்குளிர் மனிதன் கைக்கு வந்ததோ வேறு வழியாக. 1883-ஆம் ஆண்டிற் போலந்தின் கிராகோவ் நகரில் விரொப்லெவ்ஸ்கி, ஒல்ஷெவ்ஸ்கி என்னும் இருவர் ஒட்சிசனையும் நைதரசனையும் திரவமாக்கினர். 1895-இல் லிண்டே காற்றையே பெருமளவில் திரவமாக்கும் பொறியை அமைத்தார். பத்தாண்டுகளின் பின் டியூவரும் ஷெஃபீல்ட் உருக்கறிஞர் ஹட்ஃபீல்டும் திரவக் காற்றில் இரும்பையும் அதன் கலப்புகளையும் குளிர்வித்துச் சோதித்தனர். இரும்பின் வலிமை கூடியது. ஆனால் நெகிழ்ச்சி போய், அது நொறுங்கும் தன்மை அடைந்தது. நிக்கல் கலப்புகள் பல அவ்வாறு கெடவில்லை. குளிர் உருக்கின் பகை என்றே அன்று தோன்றியிருக்கும். (இந்த ஹட்ஃபீல்டே 1912-இல் இலங்கையின் பண்டை இரும்பு, உருக்குப் பொருள்களை ஆராய்ந்து எழுதியவர் என்பது நம்மவர் அறியத்தக்கது.)

பகையை ஏவலாளாக்கும் முயற்சி 1930-களின் பிற்பகுதியிற் சோவியத் நாட்டிற் குல்யாயெவ் செய்த ஆய்வுகளால் உருப்பெற்றது. வெட்டுக்கருவி உருக்கை ஏறத்தாழப் பூச்சியத்துக்குக் கீழ் 80 பாகை வரை குளிர்வித்தால், எஞ்சிய ஒஸ்டெனைட் கடினப்பொருளாக மாறும் என்று அவை காட்டின. 1960-களில் ஐக்கிய அமெரிக்காவில் ஆர்வம் அளவு கடந்தது. பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைதரசனைக் கொண்டு எவ்வுலோகத்தையும் நெடுநாள் உழைக்கச் செய்யலாம் என்று விளம்பரங்கள் முழங்கின. நேரே திரவத்திலிட்ட கருவிகள் வெடித்துப்போனதும் உண்டு.

விளம்பரத்தையும் உண்மையையும் பிரித்தறிய அளவீடு வேண்டியிருந்தது. லூசியானாவில் பரன் 1982-இல் வெளியிட்ட சோதனைகளிற் கருவி உருக்குகளின் தேய்வு நன்கு குறைந்தது. சாதாரண காபன் உருக்கும் வார்ப்பிரும்பும் பயன்பெறவில்லை. ஒஸ்டெனைட் மாறுவதே முழுக் காரணமாயின், 80 பாகைக்கும் 196 பாகைக்கும் இடையே பெரு வேறுபாடு இருத்தலாகாது. ஆனால் இருந்தது! 1994-இல் மெங் முதலானோர் ஜப்பானில் இதற்கு விடை கண்டனர். ஆழ்குளிரில் நெடுநேரம் வைத்துப் பின் மிதமாகச் சூடாக்கும்போது மிக நுண்ணிய காபைட்டுத் துகள்கள் உருக்கெங்கும் விளைகின்றன. தேய்வைத் தடுப்பதில் அவற்றின் பங்கே பெரிது என்றனர்.

பற்சில்லு உருக்கைத் தனியே எடுத்து ஆராய்ந்தோருட் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் குறிப்பிடத்தக்கவர். காபனேற்றிய உருக்கை மிதமான குளிரிலும் ஆழ்குளிரிலும் வைத்து ஒப்பிட்டு, 2005-இல் தேய்வு குறைவதை உறுதிப்படுத்தினர். அவர்களது பிற்கால ஆய்வொன்றோ தொழிற்சாலையாரைச் சிந்திக்க வைப்பது. திரும்பத் திரும்ப வளைக்கும் சோதனையில் மிதமான குளிர் ஆயுளைக் கூட்டியது, ஆழ்குளிர் குறைத்தது. தேய்வை வென்ற பல், களைப்பால் முறியக்கூடும். சிறிதளவு ஒஸ்டெனைட் பல்லில் இருப்பதே நன்று என்று வாதிடும் பொறியியலாளரும் உளர்.

எனவே இன்று பற்சில்லைக் குளிர்விப்போர் அதனை மெல்ல மெல்லவே இறக்குகின்றனர். புதிதாய்ப் பிறந்த மார்ட்டென்சைட் நொறுங்கும் இயல்பினதாகையால், குளிரிலிருந்து எடுத்ததும் மீண்டும் மிதமாகச் சூடாக்குகின்றனர்.