புக்கிட் மேரா வழக்கும் அப்பீல் படியும்

கோர்ட்டில் ஜெயித்தவன் நிம்மதியாக வீடு திரும்பலாம் என்பது பொதுஜன எண்ணம். சட்டம் அவ்வாறு விடுவதில்லை. தோற்றவன் அப்பீல் செய்துவிட்டால், ஜெயித்தவன் எதிர்மனுதாரன் என்ற பெயருடன் மறுபடியும் வந்து நிற்க வேண்டும். கீழ்க்கோர்ட்டு தான் கேட்டதில் பாதியைத்தான் தந்தது என்ற குறை அவனுக்கு இருக்குமானால், தற்காப்பு வாதம் மட்டும் போதாது. எதிர் அப்பீல் நோட்டீசும் கொடுக்க வேண்டும். அதற்கெனத் தனி அப்பீல் தொடுக்கத் தேவையில்லை. ஆனால், அப்பீல் பதிவேடு தன் கையில் சேர்ந்த 10 நாட்களுக்குள் நோட்டீசு போய்விட வேண்டும் என்பது மலேசிய மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் 1994ஆம் ஆண்டு விதி. நாள் கடந்தால் நீதிபதிகளின் தயவை நாட வேண்டியதுதான்.

வெற்றிக்குப் பின்னும் ஒரு போர் உண்டு என்பதைப் பேராக் வாசிகள் ஏட்டில் படித்து அறியவில்லை. ஈப்போவுக்கு அருகே, லாஹாட் வட்டாரத்திலுள்ள புக்கிட் மேரா கிராமத்தார் அதை அனுபவித்தே அறிந்தார்கள்.

ஈயச் சுரங்கங்களில் மிஞ்சும் கழிமணலை இங்கே 'அமாங்' என்பார்கள். அதில் மோனசைட் என்னும் கனிமம் உண்டு. அதிலிருந்து அருமண் உலோகங்களைப் பிரித்தெடுக்க, ஜப்பானிய மிட்சுபிஷி கம்பெனியின் பங்குடன் ஏசியன் ரேர் எர்த் என்ற தொழிற்சாலை 1982இல் புக்கிட் மேராவில் வேலை தொடங்கிற்று. மிஞ்சியதோ கதிரியக்கம் உள்ள தோரியக் கழிவு. அதைப் புதைக்க முதலில் பாப்பான் என்ற ஊரைப் பார்த்தார்கள். அவ்வூரார் 1984இல் திரண்டு மறுத்துவிட்டனர்.

1985 பிப்ரவரி 1ஆம் தேதி, கிராமத்தார் எண்மர் ஈப்போ உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். அவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர்களுள் மீனாட்சி ராமன் ஒருவர். டாக்டர் ஜெயபாலன் அங்குள்ளோரின் நோய்களை ஆராய்ந்தார். அதே ஆண்டு அக்டோபரில் தடையுத்தரவு கிடைத்தது. ஆயினும் அணுசக்தி உரிம வாரியத்தின் லைசென்சைப் பெற்றுக்கொண்டு, 1987 பிப்ரவரியில் தொழிற்சாலை மீண்டும் இயங்கலாயிற்று. செப்டம்பரில் விசாரணை ஆரம்பம். அடுத்த மாதமே லாலாங் நடவடிக்கை வந்தது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே மீனாட்சி ராமனும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ப் பிடித்து வைக்கப்பட்டார். ஒரு கட்சியின் வக்கீல் காவலில் இருக்க, அக்கட்சியின் வழக்கு நடந்த விந்தையை ஈப்போ கண்டது!

சாட்சி விசாரணையும் வாதங்களும் 1990 வரை நீண்டன. 1992 ஜூலை 11ஆம் தேதி நீதிபதி பே சுவீ சின், 14 நாட்களுக்குள் தொழிற்சாலையை மூட வேண்டும் என்று தீர்ப்பளித்தார். கிராமத்தார் ஆனந்தக் கண்ணீர் வடித்தனர். அந்தக் கண்ணீர் உலருமுன்னே கம்பெனி அப்பீல் செய்தது. மூடினால் கம்பெனிக்கும் தொழிலாளருக்கும் நஷ்டம் என்ற காரணத்தால், ஆகஸ்டிலேயே உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. மூடுக என்னும் உத்தரவைப் பெற்றவர்களுக்கு, அதைக் காப்பதே பெரும்பாடாயிற்று.

இங்கே சரித்திரம் ஒரு சூழ்ச்சி செய்தது எனலாம். முற்காலத்தில் இந்நாட்டு வழக்குகள் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போவதுண்டு. செட்டியார்களின் ரப்பர் நில வழக்கும் அங்கே போயிருக்கிறது. சிவில் வழக்குகளுக்கு அந்த வாசல் அடைபட்ட நாள் 1985 ஜனவரி 1. புக்கிட் மேரா வழக்கு தாக்கலானது அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து. இன்றுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் பிறந்ததோ 1994 ஜூன் 24இல். இடைப்பட்ட ஒன்பதரை ஆண்டுகளில், உயர்நீதிமன்றத்துக்கு மேலே கோலாலம்பூர் உச்சநீதிமன்றம் என்ற ஒரே படிதான் இருந்தது. வழக்கு முழுவதும் அந்த இடைவெளிக்குள் அகப்பட்டுக்கொண்டது.

1993 டிசம்பர் 23ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஈப்போ தீர்ப்பைத் தள்ளிற்று. காரணங்கள் இரண்டு. கம்பெனியின் நிபுணர்கள் அவ்விடத்திலேயே சோதனை செய்தவர்களாதலால் அவர்கள் சாட்சியமே நம்பத்தக்கது என்பது ஒன்று. கிராமத்தார் உரிம வாரியத்திடம் போய், லைசென்சை ரத்துச் செய்யும்படி கேட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டாவது காரணம் விசித்திரமானது. லைசென்சு கொடுத்தவரிடமே நியாயம் கேள் என்றால், கோர்ட்டுக்கு வந்தவன் என்ன செய்வான்? அதன்மேல் முறையிட வேறு படியும் இல்லை.

ஆனால் கோர்ட்டில் வென்ற கம்பெனியே, 1994 ஜனவரியில் தொழிற்சாலையை மூடிவிடுவதாக அறிவித்தது. உள்ளூரிலும் வெளிநாட்டிலும் எழுந்த எதிர்ப்புக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை. பின்னர் அவ்விடத்தைத் துப்புரவு செய்து, கழிவைக் கிளேடாங் மலைப்பகுதியில் புதைக்கும் வேலை பல ஆண்டுகள் நடந்தது. சுமார் 10 கோடி அமெரிக்க டாலர் செலவென்று 2011இல் செய்தி வந்தது. பொறுப்பு எதையும் ஒப்புக்கொள்ளாமலே, அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு மிட்சுபிஷி கம்பெனி நன்கொடை கொடுத்தது.