அம்பத்தூர் டயரும் அளவுக் கணக்கும்

ஆவடிக்கு அடுத்த அம்பத்தூரில் 1959-இல் டன்லப் நிறுவனம் டயர் ஆலை அமைத்தது. மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சுக்குப் பின் இந்தியாவில் அதன் இரண்டாவது ஆலை இது. 1961-இல் திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் டயர் உற்பத்தியில் இறங்கியது.

அந்நாளில் மாற்று டயர் வாங்கப் பெரிய யோசனை தேவைப்படவில்லை. சாலையில் ஓடியவை பெரும்பாலும் அம்பாசடரும் ஃபியட்டும்தான். அம்பாசடருக்கு 5.90-15, ஃபியட்டுக்கு 5.20-14. முதல் எண் டயரின் அகலம், அடுத்தது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில். பக்கச்சுவரின் உயரம் அகலத்தை ஒட்டியே இருந்ததால் அதற்குத் தனி எண் கிடையாது.

ரேடியல் டயர் பரவியதும் கணக்கு மாறியது. மாருதி 800-இன் 145/70 ஆர்12 என்பதில் அகலம் 145 மி.மீ.; பக்கச்சுவர் அதில் 70 சதவீதம், அதாவது 101.5 மி.மீ. அதை இரட்டித்து 12 அங்குல ரிம்முடன் கூட்டினால் மொத்த விட்டம் 507.8 மி.மீ. இதற்கு மாற்றாக 155/65 ஆர்12 போட்டால் 506.3 மி.மீ.; வித்தியாசம் பொருட்படுத்தத்தக்கதல்ல. அதே 155/65 அளவில் 13 அங்குல ரிம்முக்குப் போனால் 531.7 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடாமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைவாகக் காட்டும். சக்கர வளைவில் டயர் உரசவும் கூடும். மூன்று சதவீதத்துக்குமேல் விட்டம் மாறக்கூடாது என்பது பொதுவழக்கு.

அகலம் பொருந்தினால் மட்டும் போதாது. பாரம் தாங்கும் எண்ணும் வேகக் குறியீடும் பழைய டயருடையதைவிடக் குறையாமல் இருக்க வேண்டும். பல கார்களில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சரியான அளவு இருக்கும். கடைக்குப் போகுமுன் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.