பெரியாற்றை மறித்தவர்கள் – 7: மழைக்கு முன் ஒரு கரை

காகிதத்தில் பெரியாறு சுலபமாகவே கிழக்கே திரும்பிவிட்டது. 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூருக்கும் ஆங்கில அரசுக்கும் குத்தகை ஒப்பந்தம் ஆயிற்று. 999 ஆண்டுகளுக்கு 8,000 ஏக்கர். ஏக்கருக்கு 5 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 40,000 ரூபாய். ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, வைரவனாறு, சுருளியாறு வழியே தண்ணீரை வைகையில் சேர்க்க வேண்டும். மறு ஆண்டே வேலை தொடங்கியது.

ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்பது கச்சேரிக் கணக்கு. மலையின் கணக்கு வேறு. தென்மேற்குப் பருவமழையில் ஆறு கரைபுரளும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். வெயில் ஏறினால் மலேரியா. 1850-ல் கேப்டன் ஃபேபர் இதே மலையில் சிறிய அளவில் தொடங்கிய முயற்சி, காய்ச்சலுக்கும் கூலித் தகராறுக்கும் பலியாகிப் பாதியில் நின்றது. அணையைக் கட்ட வந்த பொறியாளர் ஜான் பென்னிகுக்கின் கைக்கு எட்டியது இவற்றுக்கு இடையே கிடைத்த சில உலர்ந்த வாரங்கள்தான்.

அந்த வாரங்களில் ஒரு நாள்கூடச் சாமான் வரவில்லை என்று நிற்கக் கூடாது. கல் மலையிலேயே இருந்தது. சுண்ணாம்பு அடிவாரத்துக் குருவனூத்திலிருந்து ஏற வேண்டும். கூடலூர்ப் பக்கமிருந்து தேக்கடிக்கு ரோப்வே இழுத்தார்கள், அங்கிருந்து படகு. சுண்ணாம்பும் செங்கல் தூளும் கலந்த சுர்க்கிச் சாந்து இந்த வழியை நம்பித்தான் இருந்தது. அணையைப் பார்த்து வியப்பவர்கள் இந்த ரோப்வேயையும் ஒரு கணம் நினைக்க வேண்டும் என்பேன். காலக்கெடுவைப் பாதி காப்பாற்றியது அதுதான்.

மீதிப் பாதியை ஆறு விடவில்லை. நடு ஆற்றில் அஸ்திவாரம் போட வேண்டுமானால் முதலில் தண்ணீரை ஒதுக்க வேண்டும். மெட்ராஸ் பயனியர் படையின் 1-வது, 4-வது பட்டாளத்துச் சிப்பாய்களும், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கீசியத் தச்சர்களும் தற்காலிகக் கரைகள் எழுப்பினார்கள். வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடி கட்டினார்கள். மறுபடியும் போயிற்று.

கரை போனால் மரமும் மண்ணும் மட்டும் போவதில்லை. அந்த ஆண்டின் உலர்ந்த நாட்களும் சேர்ந்தே போகும். அதே வேலைக்கு மறுபடி கூலி, மறுபடி சோறு, மறுபடி மருந்து. எஸ்டிமேட்டைத் தின்றது சுண்ணாம்பின் விலை என்று நான் நினைக்கவில்லை. இப்படித் தொலைந்த நாட்கள்தான்.

சர்க்கார் கையை விரித்துவிட்டது, துரை சீமையிலிருந்த சொத்தை விற்றுப் பணம் கொண்டுவந்தார் என்று கம்பத்திலும் கூடலூரிலும் இன்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த ஜனவரி 15-ல் பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

பணம் எந்த வழியில் வந்தாலும் ஆற்றுக்கு அது பொருட்டில்லை. அடுத்த மழைக்குள் நடு ஆற்றில் அணையின் அடிப்பகுதி எழும்பியாக வேண்டும். கரை இந்த முறையும் உடைந்தால் இன்னோர் ஆண்டு போய்விடும். அதுவரை அவ்வளவு தண்ணீரையும் எந்தப் பக்கம் திருப்பிவிடுவது?

(அடுத்த வாரம்)