ஊமத்தம்பூவின் நடு

ஜார்ஜியா ஓ'கீஃப் 1932-ல் வரைந்த வெள்ளை ஊமத்தம்பூ 2014-ல் 4.44 கோடி டாலருக்கு ஏலம் போனது. அதுவரை எந்தப் பெண் ஓவியரின் படமும் ஏலத்தில் அந்த விலையைத் தொட்டதில்லை. எனக்கு விலையைவிட அளவுதான் ஆச்சரியம். நம்ம ஊர்க் குப்பைமேட்டில் தானாக முளைக்கிற செடியின் உறவுக்காரி அது. அதை நாலடி உயரக் கித்தானில் நிரப்பி, அதன் நடுவுக்குள் நம்மை இழுத்துவிடுகிறார்.

அந்த நடுவைத்தான் நோய் எடுத்துக்கொண்டது. 1971 வாக்கில், அவருடைய 84-வது வயதில்.

விழித்திரையின் மையத்தில் மாகுலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. சில மில்லிமீட்டர்தான். எழுத்தைப் படிப்பது, முகத்தை அடையாளம் காண்பது, நிறத்தின் நுணுக்கம் எல்லாம் அதன் பொறுப்பு. வயதாக ஆகச் சிலருக்கு அது சிதைகிறது. நேர்க்கோடு நெளியும், பிறகு நடுவில் ஒரு கறை விழும். தலையைத் திருப்பினால் கறையும் கூடவே திரும்பும். பூவைப் பார்த்தால் பூ காணாமல் போகும், ஜாடி மட்டும் மிஞ்சும். முழு இருட்டு வராது. ஓரப் பார்வை இருக்கும், நடமாடலாம். ஒரு ஓவியருக்கு இது இருட்டைவிடக் கொடுமையோ என்று தோணுது.

அன்றைக்குச் சொல்லும்படியான சிகிச்சை இல்லை. புது ரத்தக்குழாய்கள் கசிகிற வகைக்கு இன்று கண்ணுக்குள் போடும் ரானிபிசுமாப் ஊசி, அமெரிக்காவில் 2006-ல்தான் அனுமதி பெற்றது. அவர் இறந்து இருபது வருஷம் கழித்து.

உதவியில்லாமல் அவர் முடித்த கடைசி எண்ணெய் ஓவியம் 1972-ல் வரைந்த ‘தி பியாண்ட்’. கீழே கருப்பு, மேலே நீலம், இடையில் மெல்லிய வெளிச்சம். மரணத்தின் படம் என்று சொல்ல ஆசை வரும். நான் அப்படிப் படிக்கவில்லை. குறுக்கே ஓடும் பட்டைகளுக்கு நடு என்று ஒன்று தேவையில்லை. ஓரக் கண்ணே போதும். இருக்கிற பார்வைக்கு ஏற்ற படத்தை வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அப்புறம் உதவியாளர்களை வைத்துக்கொண்டு வரைந்தார். தூரிகை பிடித்தவருக்கும் படத்தில் பங்கில்லையா என்று பின்னாளில் சர்ச்சை கிளம்பியது. நியாயமான கேள்விதான். ஆனால் எந்த நிறம், எங்கே, எவ்வளவு என்று சொன்னவர் அவர்.

1973-ல் அவரிடம் வேலை கேட்டு வந்த ஹுவான் ஹாமில்டன் என்ற இளைஞர் மண்பாண்டக் கலைஞர். அவரிடம் களிமண் வேலை கற்றுக்கொண்டு, எண்பது தாண்டிய வயதில் பானை வனைய உட்கார்ந்தார். அதற்கு விரல் போதும்.