டாக்டர் ஹூ: தொலைந்த அத்தியாயங்களின் மீளுருவாக்கம்

டாக்டர் ஹூ என்பது பிரித்தானிய நிறுவனமான பிபிசி 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பத் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொலைக்காட்சித் தொடர். காலத்தில் முன்னும் பின்னும் பயணம் செய்யும் ஒருவரின் கதை இது. முதல் ஆறு ஆண்டுகளில், ஏறத்தாழ 25 நிமிடம் கொண்ட 253 அத்தியாயங்கள் கறுப்பு வெள்ளையில் வெளிவந்தன. 2013இல் சில அத்தியாயங்கள் கண்டெடுக்கப்பட்ட பிறகும் 97 அத்தியாயங்களின் படம் கிடைக்காமல் இருந்தது. ஆயினும் அந்த 97க்கும் ஒலி முழுமையாக இருந்தது. அந்த ஒலியைக் காத்தது பிபிசி அன்று. வீட்டிலிருந்து தொடரைப் பார்த்த ரசிகர்களே.

அழிப்பும் காரணங்களும்

அக்காலத்து இரண்டு அங்குல ஒளிநாடா விலை மிகுந்தது. ஒன்றை அழித்து அதன்மேல் மற்றொன்றைப் பதிவு செய்வது வழக்கமாக இருந்தது. நடிகர் சங்கத்துடனான ஒப்பந்தம் மறுஒளிபரப்பைக் கட்டுப்படுத்தியது. வண்ணத் தொலைக்காட்சி வந்தபின் கறுப்பு வெள்ளை நிகழ்ச்சிகளுக்கு மதிப்புக் குறைந்தது. வீட்டில் வாங்கிப் பார்க்கும் வீடியோ கேசட் வணிகமும் அப்போது இல்லை. எனவே 1967 முதல் 1970களின் நடுப்பகுதி வரை நாடாக்கள் அழிக்கப்பட்டன.

வெளிநாடுகளுக்கு விற்பதற்காக எடுக்கப்பட்ட திரைப்படச் சுருள் பிரதிகள் பிபிசியின் வேறொரு பிரிவில் இருந்தன. விற்பனை உரிமை முடிந்ததும் அவையும் குப்பைக்குப் போயின. நாடாவை ஒரு பிரிவும் சுருளை மற்றொரு பிரிவும் வைத்திருந்தன. எல்லாவற்றையும் காக்கும் பொறுப்பு யாரிடமும் இல்லை. 1978இல்தான் அழிப்பு நின்றது.

மீளுருவாக்கத்தின் மூலப்பொருள்கள்

முதலாவது ஒலி. 1960களில் சில இளம் ரசிகர்கள் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் மைக்கை வைத்து டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தனர். சிலர் கம்பி இணைத்து நேரடியாகவே பதிவு செய்தனர். மறுபடி பார்க்க வழியில்லாததால் மறுபடி கேட்பதற்காகச் செய்த வேலை அது. ஒரே அத்தியாயத்துக்குப் பல பதிவுகள் கிடைக்கும்போது தெளிவான பகுதிகளை எடுத்துச் சேர்க்க முடிந்தது.

இரண்டாவது ஒளிப்படம். ஜான் குரா என்ற இலண்டன் ஒளிப்படக்காரர் தொலைக்காட்சித் திரையையே படம் பிடித்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுவந்தார். இப்படங்கள் டெலிஸ்நாப் எனப்படும். ஓர் அத்தியாயத்துக்கு எழுபது படங்கள் அளவில் இருக்கும். இவற்றுள் பல பிபிசியின் எழுத்து ஆவணக் காப்பகத்தில் இருந்தன. சில கதைகளுக்கு இப்படங்களும் இல்லை.

மூன்றாவது துண்டுக் காட்சிகள். குழந்தைகள் பயப்படுவார்கள் என்று ஆஸ்திரேலியத் தணிக்கையாளர்கள் வெட்டிய காட்சிகள் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருந்தன. ரசிகர்கள் தேடி 1996இல் அவற்றைக் கண்டுபிடித்தனர். முழு அத்தியாயம் அழிந்துபோக, ஆகாது என்று வெட்டிய துண்டு பிழைத்தது.

ரசிகர்களின் பணி

இந்த மூன்றையும் கொண்டு லூஸ் கேனன் முதலிய ரசிகர் குழுக்கள் அத்தியாயங்களை மீளுருவாக்கின. படப்பிடிப்புக்கான கேமரா வசனப்பிரதியைப் பார்த்து, ஒலிக்கு ஏற்றபடி ஒளிப்படங்களை வரிசைப்படுத்தினர். ஒலியால் மட்டும் புரியாத செயல்களைத் திரையின் அடியில் எழுத்தாக ஓடவிட்டனர். படமே இல்லாத இடத்தில் அதே நடிகரின் வேறு படத்தைப் பொருத்தினர். இவை விற்கப்படவில்லை. வெற்று வி.எச்.எஸ். நாடா அனுப்பியவர்களுக்குப் பிரதி எடுத்துக் கொடுத்தனர்.

பின்னர் பிபிசியும் இதே வழியில் வந்தது. ஆறு அத்தியாயங்களும் தொலைந்த 'தி பவர் ஆஃப் தி தாலெக்ஸ்' கதை, முதல் ஒளிபரப்பின் ஐம்பதாம் ஆண்டு நிறைவான 2016 நவம்பர் 5 அன்று அசைவூட்டப் படமாக வெளியானது. அதன் குரல்கள் அன்று வீட்டில் பதிவான குரல்களே.

மீளுருவாக்கத்தின் எல்லை

2013இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்த சுருள்களால் தொலைந்த ஒன்பது அத்தியாயங்கள் திரும்பின. அவற்றுள் ஐந்து 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு' கதையைச் சேர்ந்தவை. அதுவரை அக்கதையில் எஞ்சியிருந்தது மூன்றாம் அத்தியாயம் மட்டுமே. அதையும் ஒலியையும் வைத்துப் பல ரசிகர்கள் அதைச் சுமாரான கதை என்று எண்ணியிருந்தனர். முழுப்படத்தையும் பார்த்தபின், நாயகனாகவும் வில்லனாகவும் இரு வேடம் ஏற்ற பேட்ரிக் ட்ரௌட்டனின் நடிப்பு அந்த எண்ணத்தை மாற்றியது. ஒருவர் நிற்கும் தோரணையும் பார்வையும் அசையாத படத்தில் வருவதில்லை.

அதே வேளையில் கிடைத்த 'தி வெப் ஆஃப் ஃபியர்' கதையில் மூன்றாம் அத்தியாயம் மட்டும் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியை ஒலியும் டெலிஸ்நாப் படங்களும் கொண்டு நிரப்பியே பிபிசி அக்கதையை வெளியிட்டது.

ஆகவே மீளுருவாக்கம் மூலத்துக்கு ஈடாகாது. கதை எது, குரல் எது, எந்த இடத்தில் நம்மிடம் சான்று இல்லை என்பதை அது காட்டும். சிதைந்த ஏட்டைப் பதிப்பிப்பவர் விடுபட்ட இடத்தில் புள்ளியிட்டுக் காட்டுவது போன்றது இது. மூலம் கிடைக்கும் நாளில் தள்ளி வைக்கப்படலாம் என்று தெரிந்தே இவ்வேலையை ரசிகர்கள் செய்தனர். அது வரையில் அக்கதைகளை மக்கள் மறக்காமலிருக்க இப்பணியே வழி செய்தது.