நடு ராத்திரியில் எழுந்து சாப்பிடுறீங்களா? டாக்டர் கேட்கும் முதல் கேள்வி இதுதான்!

ராத்திரி சாப்பிட்டுப் படுத்தாச்சு. 2 மணிக்கு விழிப்பு. பிஸ்கட்டோ மிச்ச சோறோ வயிற்றுக்குள் போனால்தான் மறுபடி தூக்கம் வரும் என்று தோன்றுகிறது. எப்போதாவது நடந்தால் கவலை வேண்டாம். வாரத்தில் 2 முறையாவது, மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது ‘நைட் ஈட்டிங் சிண்ட்ரோம்’ ஆக இருக்கலாம்.

1955-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் விவரித்த பாதிப்பு இது. ஒரு நாள் உணவில் கால் பங்குக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே உள்ளே போகும். காலை டிபனைப் பார்த்தாலே பிடிக்காது. மனச்சோர்வும் சேர்ந்து வரலாம். நைட் ஷிப்ட் வேலைக்காக நேரம் மாறிச் சாப்பிடுவது இந்தக் கணக்கில் வராது.

‘வாயைக் கட்ட முடியாதா’ என்று வீட்டில் திட்டுவார்கள். அதில் நியாயமில்லை. தூக்கம் சரியான நேரத்துக்கு வந்தாலும், உடலின் பசி நேரம் மட்டும் பின்னுக்குத் தள்ளிப் போய்விடுகிறது என்கிறார்கள் ஆய்வாளர்கள். குற்ற உணர்ச்சியில் பகலெல்லாம் பட்டினி கிடந்தால், அன்று ராத்திரி பசி இன்னும் கூடும்.

டாக்டரிடம் போனால் முதலில் கேட்பது: சாப்பிட்டது ஞாபகம் இருக்கா? நைட் ஈட்டிங் சிண்ட்ரோமில் நன்றாக நினைவிருக்கும். காலையில் காலி பாக்கெட்டைப் பார்த்துத்தான் தெரிகிறது என்றால், அது தூக்கத்தில் நடப்பதைப் போன்ற வேறொரு பிரச்சனை. அடுப்பு, கத்தி என்று ஆபத்தும் அதிகம். சால்பிடெம் போன்ற தூக்க மாத்திரைகளாலும் இது வரலாம். மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் இன்னும் உஷாராக இருக்கணும். வியர்வை, நடுக்கத்தோடு பசித்து எழுந்தால் அது லோ சுகராக இருக்கலாம். உடனே டெஸ்ட் பண்ணிப் பாருங்க. 70-க்குக் கீழே இருந்தால் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். டெஸ்ட் பண்ண வழியில்லை என்றாலும் குடித்துவிடுவதே பாதுகாப்பு.

நைட் ஈட்டிங் சிண்ட்ரோமுக்குச் சிகிச்சை உண்டு. என்ன, எப்போது சாப்பிட்டோம், எப்போது விழித்தோம் என்று டைரி எழுதச் சொல்வார்கள். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பகலுக்கு நகர்த்துவார்கள். ‘சாப்பிடாமல் தூக்கமே வராது’ என்ற நம்பிக்கையை கவுன்சிலிங்கில் உடைப்பார்கள். செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சிலருக்குப் பலன் தந்திருக்கிறது. ஆனால் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் மாத்திரை இல்லை. மனநல மருத்துவர்தான் எழுதித் தர வேண்டும்.

யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லையா? மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம்.